முன்வரிசை முட்டைகள்

முட்டை எளிதில் உடைந்துவிடும் பொருள் என்று உலகம் நெடுங்காலமாக நம்பிக்கொண்டிருக்கிறது. இது முற்றிலும் பிழையான நம்பிக்கை. இதனால் மனித குலத்துக்கு விளைந்த தீங்குகளை இதுவரை யாரும் முறையாக ஆராய்ந்ததில்லை என்பது வருந்தத்தக்கது. கூர்முனை கீழும் மழுங்கிய முனை மேலுமாக அட்டைத் தட்டின் குழியில் நிற்கும் ஒரு முட்டை, தன் தலைமேல் ஒரு செங்கல்லை மெதுவாக வைத்தால் முனகாமல் தாங்கும். மேலே ஐந்தாறு தட்டுகளை அடுக்கினாலும் அடித்தட்டு முட்டைக்கு ஒன்றும் ஆகாது. முட்டை தானாக உடைவதில்லை. அதற்கு வெளியிலிருந்து ஒருவர் தவறு செய்ய வேண்டும். அது என்ன தவறு என்பதை, உடைந்த முட்டை இருக்கும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பது ஈரோட்டில் பத்தொன்பது வருடங்களாகக் கடைகளுக்கு முட்டை போட்டுவரும் சென்னியப்பனின் முடிவு. அடித்தட்டில் உடைந்தால் வண்டியின் ஸ்பிரிங் பட்டை விறைத்துவிட்டது. ஒரு பக்கமாக மட்டும் உடைந்தால் சேஸ் கோணல், எங்கோ அடிபட்ட வண்டி. முன்வரிசையில் உடைந்தால் பிரேக். பின்வரிசையில் உடைந்தால் ஓட்டுகிறவருக்கு அவசரம். ஆகவே பழைய வேன் வாங்கப் போகிற மற்றவர்களைப்போல அவன் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, புரிந்ததுபோலத் தலையாட்டுவதில்லை. கையோடு மூன்று தட்டு முட்டை கொண்டுபோவான். தொண்ணூறு உருப்படி. வண்டியின் பின்பக்கத்தில் அடுக்கிவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பான், திரும்பி வந்து எண்ணுவான். மாசியிலிருந்து ஏழு வேன்களை இப்படிப் பார்த்தாகிவிட்டது. ஏழிலும் முன்வரிசை உடைந்திருந்தது.

எட்டாவது வேன் சங்ககிரி சாலையில் மைதீனின் யார்டில், வெயிலில் பாதியும் வேப்பமர நிழலில் பாதியுமாக நின்றுகொண்டிருந்தது. வெள்ளை நிறம், பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ரப்பர் விரித்திருந்தது, முன்பு ஏதோ போட்டோ ஸ்டுடியோவில் ஓடியதாம். பழைய வேன்களை வாங்கி விற்கும் மைதீனுக்கு முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் ஏழு வாரமாகச் சென்னியப்பனோடு பழகியதில் முகத்தில் ஒரு முதிர்ச்சி வந்திருந்தது. "எட்டாவதுங்கண்ணா. பொண்ணு பாக்கறவங்ககூட எட்டு வீட்டுல பஜ்ஜி திங்க மாட்டாங்க," என்றான் சாவியைக் கொடுத்துக்கொண்டே. சென்னியப்பன் பிரேக் சரியில்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சக்கரத்தைக் கழற்றிப் புதுப் பிரேக் கட்டை போட்டுவிட்டிருந்தான். "இப்ப தமிழ்நாட்டுலயே நல்ல பிரேக்கு எங்க யார்டுலதான் இருக்குது. மத்தது எதுவும் நல்லாருக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், பிரேக்குக்கு மட்டும் நான் ஜவாப்." சென்னியப்பனின் மனைவி ருக்மணி சிரித்தாள். அவள் வந்திருப்பதுதான் இன்றைக்குப் புதிது. ஏழு தடவையும் அவன் தனியாகத்தான் வந்தான், போய் மனைவியிடம் பிரேக் என்று ஒரு சொல் சொன்னான், அவளும் சரி என்றாள். இன்று காலை தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "ஏனுங்க, ஏழு வண்டிக்கும் ஒரே சீக்கா வரும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு மொபெட்டை எடுத்துவிட்டாள். அவளுக்கு அவசரம். என்ஜினியரிங் கல்லூரி விடுதிக்கு நாளொன்றுக்கு எண்பது தட்டு, திங்கட்கிழமையிலிருந்து, அவள்தான் வார்டனிடம் பேசி முடித்தவள். வண்டி இருக்குதாம்மா என்று வார்டன் கேட்டபோது இருக்குதுங்க என்று சொன்னவளும் அவள்தான். இன்று சனிக்கிழமை. அந்த இருக்குதுங்க என்ற சொல் மூன்று நாளாக வீட்டுக்குள் ஒரு விருந்தாளியைப்போல உட்கார்ந்துகொண்டிருந்தது. முட்டைத் தட்டுகளைப் பின்னால் ஏற்றிவிட்டு அவள் இறங்கவில்லை. "நான் முட்டைகிட்டயே உக்காந்துக்கறேன். எப்ப உடையுது, எதுல உடையுதுன்னு கண்ணுல பாத்தரலாம்." பின்கதவை உள்ளேயிருந்தே இழுத்துச் சாத்திக்கொண்டாள். 

எப்ப உடையுது என்று பார்க்கப் போகிறாள், அவன் சாவியைத் திருகிக்கொண்டே நினைத்தான், எதில் உடைகிறது என்று பார்த்தால் பரவாயில்லை, எப்போது என்று பார்த்தால் அந்த நேரத்தில் முன்னால் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்ப்பாள், பார்த்தால் அவன் முதுகு தெரியும், முதுகில் என்ன தெரியும், ஒன்றும் தெரியாது, முதுகு நல்ல முதுகு, கை நல்ல கை, இடது கால்கூட ஓரளவுக்கு யோக்கியமான கால், கிளட்சை அழுத்தினால் அழுத்தியதாகச் சேதி வருகிறது. வலது காலில்தான் கணுக்காலோடு எல்லாம் நின்றுவிடுகிறது. வலி என்று சொல்ல முடியாது. வலி இருந்தால் எவ்வளவோ நல்லது, வலி ஒரு ஆள்போல, கதவைத் தட்டும், பேசும். இது பதில் போடாத சொந்தக்காரனைப்போல. அவன் எழுதுகிறான், அழுத்து, அழுத்து என்று எழுதுகிறான், அது அங்கே போய்ச் சேர்ந்ததா, அழுத்தியதா, எவ்வளவு அழுத்தியது, ஒரு வரி கிடையாது. வண்டி நின்றால் அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம். வண்டி குலுங்கி நின்றால் அதிகமாக அழுத்தியிருக்கிறது. முன்வரிசை உடைந்தால். அவன் வண்டியை மெல்ல யார்டின் வாசலுக்குக் கொண்டுவந்தான், முதல் கியரிலேயே, பிரேக்கைத் தொடாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைதீன், "அண்ணா, ரெண்டாவது கியரும் இருக்குதுங்க இந்த வண்டில," என்றான்.  கண்ணாடியில் ருக்மணியின் தலை மட்டும் தெரிந்தது, குனிந்திருந்தது, முட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தேர்வு அறையில் மேற்பார்வை பார்ப்பவர்கள் இப்படித்தான் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தெரியுதா. அந்தச் சொல் எங்கிருந்தோ வந்துவிட்டது, சாலையில் ஏறியதும் வந்துவிடுகிறது, பிரேக்கின் பக்கம் காலை நகர்த்தும்போதெல்லாம் வருகிறது. அந்த டாக்டரம்மாவுக்கு இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. சர்க்கரைக்கு மாத்திரை எழுதி வாங்கத்தான் போனான், அவள் காலைக் காட்டுங்க என்றாள், மீன்பிடி நரம்புபோல ஒரு மெல்லிய நைலான் நூலை ஒரு பிடியில் செருகி வைத்திருந்தாள், கண்ணை மூடிக்குங்க, நூல் படும்போது சொல்லுங்க. அவன் கண்ணை மூடினான், முழுக்க அல்ல, பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை நேரத்தில் மூடுவதுபோல. உள்ளங்காலில் எதுவும் படவில்லை. ஆனால் அவளுடைய முழங்கை நகர்வது தெரிந்தது. தெரியுதா என்றாள். தெரியுதுங்க என்றான். முழங்கை மறுபடி நகர்ந்தது, தெரியுதா, தெரியுதுங்க, கட்டைவிரலுக்குக் கீழேயா, ஆமாங்க. அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட வந்துவிட்டது, கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்தவனுக்கு வருகிற சந்தோஷம், எல்லாவற்றுக்கும் சரியான விடை. தெரியுதா, தெரியுதுங்க, நல்லா தெரியுதுங்க. அவள் நூலைக் கீழே வைத்தாள். பிறகு, கடைசி மூணு தடவ நான் தொடவே இல்லைங்க என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வண்டி ஓட்டறீங்களா என்று கேட்டாள். எப்பவாவது என்றான். எப்பவாவது. பத்தொன்பது வருடம், தினம் காலை நாலரை மணிக்கு, எப்பவாவது. ஓட்டாதீங்க, வெறுங்காலோட நடக்காதீங்க, தினமும் ராத்திரி பாதத்தத் திருப்பிப் பாருங்க, வீட்டுல யாரையாவது பாக்கச் சொல்லுங்க. வீட்டில் யாரையாவது. அவன் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், சட்டை துவைக்கப் போனது, சீட்டு வெள்ளைக் கூழாக வந்தது, ருக்மணி என்ன சீட்டு இது என்றாள், லாட்ஜ் ஓட்டல்காரன் பாக்கி என்றான். அவ்வளவுதான், ஒரு நோய் அதோடு முடிந்துவிட்டதுபோல இரண்டு நாள் இருந்தது.

"அண்ணா, ஸ்பீடு பிரேக்கர்," என்றான் மைதீன். பார்த்துவிட்டான், ஐம்பது அடிக்கு முன்பே பார்த்துவிட்டான், அவனைப்போல ஸ்பீடு பிரேக்கரைப் பார்க்கிறவன் இந்தச் சாலையில் யாரும் இல்லை. முடுக்கியை விட்டுவிட வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும், வண்டி தானாகத் தளர்ந்து வந்து மேட்டில் ஏறி இறங்க வேண்டும், பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும். இந்தச் சுற்று முழுவதையும் அவன் நேற்றே மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான். யார்டிலிருந்து பெட்ரோல் பங்க், பங்கிலிருந்து வாய்க்கால் பாலம், பாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பி ரயில்வே கேட், கேட்டுக்கு முன்னாலேயே யூ டர்ன். மூன்று ஸ்பீடு பிரேக்கர், ஒரு திருப்பம். பிரேக் இல்லாமல் முடித்துவிடலாம். பிரேக் இல்லாமல் முடித்தால் முன்வரிசை உடையாது, முன்வரிசை உடையாவிட்டால் வண்டி நல்ல வண்டி, நல்ல வண்டியாகிவிட்டால் திங்கட்கிழமை. அப்படியானால் உடைய வேண்டும். உடைந்தால் ருக்மணி பார்ப்பாள். அவனுக்கு எது வேண்டும் என்பதே இந்த இடத்தில் குழம்பியது, வண்டி வேண்டுமா, வண்டி வேண்டாமா, உடைய வேண்டுமா, உடையக்கூடாதா, ஏழு வாரமாக அவன் பழைய வேன் பார்க்கிறானா அல்லது பழைய வேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வேறு ஏதோ ஒன்றைப் பார்க்காமல் இருக்கிறானா. மதியத்தில் ருக்மணி கடைகளுக்குப் போயிருக்கும் நேரத்தில் அவளுடைய தையல் மெஷினின் மிதியில் வலது காலை வைத்துப் பழகினான். ஊசியைப் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும், ஊசி மெல்ல இறங்கினால் கால் மெல்ல மிதிக்கிறது, ஊசி தடதடவென்று ஓடினால் கால் அடம்பிடிக்கிறது. பத்து நாளில் நன்றாக வந்துவிட்டது. ஆனால் வேனில் ஊசி இல்லை. பாபினில் நூல் ஏன் இப்படிச் சிக்கிக் கிடக்கிறது என்று ருக்மணி இரண்டு தடவை கேட்டாள், எலி என்றான்.

மேட்டில் ஏறி இறங்கியது. நல்ல பட்டை, உண்மையில் நல்ல பட்டை, அடித்தட்டில் ஒன்றும் ஆகியிருக்காது. "எப்படிங்கண்ணா, தொட்டில் மாதிரி இல்ல?" என்றான் மைதீன். அவன் முன்பு வைத்திருந்த வேனும் இப்படித்தான் இருந்தது. அந்த வேனுக்கு எந்தச் சீக்கும் இல்லை, இதை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவனுக்கும் மெக்கானிக் லோகுவுக்கும். லோகு சக்கரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு சத்தியம் செய்தான், அண்ணா என் கொழந்தைங்க மேல சொல்றேன், பிரேக்குல ஒரு குறையும் இல்ல. அந்தக் குழந்தைகளின் மேல் அவ்வளவு பெரிய சத்தியத்தைப் போட்டுவிட்டானே என்று சென்னியப்பனுக்கு இரக்கமாக இருந்தது, ஆனாலும் பிரேக் பிடிக்கவில்லை என்றே எல்லாரிடமும் சொன்னான், நல்ல வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டான். ஆடி மாதம், பெருந்துறை சாலை இறக்கம். காலை எடுத்து வைத்தான், வைத்ததாகத்தான் நினைத்தான், வண்டி நிற்கவில்லை, இன்னும் அழுத்தினான், எதை அழுத்தினான் என்று இன்றுவரை தெரியாது, வண்டி வேகமாகப் போனது, சாலையோரத்தில் கட்டடம் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் போய் ஏறி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆயிரத்து இருநூறு முட்டை, பின்கதவு வழியாக மஞ்சளாக வழிந்து சாலையில் ஒரு சின்ன ஓடைபோல ஓடியது, யாரோ சிரித்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் முன்சக்கரத்துக்குக் கீழே ஒரு சாக்கு இருந்தது. மணலுக்குப் பக்கத்தில் பூ விற்கிற ஒரு அம்மா உட்கார்ந்திருந்த சாக்கு. யாருக்கோ சில்லறை கொடுக்க வேண்டியிருந்தது, அவளிடம் இல்லை, எதிர்க் கடையில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போயிருந்தாள். திரும்பி வந்து சாலைக்கு நடுவில், உள்ளங்கையில் சில்லறையோடு நின்றாள். அவனைத் திட்டவில்லை. சாக்கைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி சாக்கைப் பார்த்தாள். அவளிடம் சில்லறை இருந்திருந்தால். அவன் இந்த இடத்துக்கு எத்தனையோ வழியாக வந்திருக்கிறான், சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது, கடைக்காரன் மீதியை எண்ணிக் கையில் வைக்கும்போது, எந்த வழியாக வந்தாலும் கடைசியில் அந்தச் சாக்குதான் இருக்கிறது, தட்டையாக, யாரும் உட்காராமல். அவளிடம் இருந்திருந்தால்.

வாய்க்கால் பாலம் வந்தது, போனது. இடது பக்கம் திரும்பினான், யூ டர்ன் எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு கான்கிரீட் லாரி குறுக்கே நின்றது. அவன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த சாலையில் இந்த லாரி இல்லை. நேராகத்தான் போக வேண்டும், நேராகப் போனால் ரயில்வே கேட், கேட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது, தடுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். அதன் டிரெய்லரின் பின்விளிம்பில் ஒருவர் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தலையில் துண்டு, வாயில் கரும்பு, செருப்பில்லாத இரண்டு உள்ளங்கால்கள் இவனைப் பார்த்துக்கொண்டு ஆடின. வெடிப்பு ஓடிய, கறுத்த, உயிருள்ள கால்கள். டிராக்டர் நின்றுவிட்டது. கால்கள் நிற்கவில்லை, ஆடிக்கொண்டிருந்தன, பெரிதாகிக்கொண்டிருந்தன. பிரேக், என்று எழுதினான். கால் போனது. போனதா. தெரியுதா. வண்டி தளரவில்லை. அவன் குனிந்து பார்த்தான், ஓட்டுகிறவன் செய்யக்கூடாத காரியம் அது ஒன்றுதான், சாலையை விட்டுவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தான். கால் அங்கே இருந்தது, பிரேக்கின் மேல்தான் இருந்தது அல்லது அதன் பக்கத்தில், அதற்கடியில் ஏதோ கறுப்பாக இருந்தது, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல இருந்தது, அழுத்து என்றான், தெரியுதா, தெரியுதுங்க, நல்லா தெரியுதுங்க, நிமிர்ந்தபோது முன்கண்ணாடி முழுக்க அந்த உள்ளங்கால்கள்தான் இருந்தன. கை தானாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. கை நல்ல கை. வண்டி ஒரு உதறு உதறி, மூக்கைக் கீழே குத்தி, நின்றது. டிரெய்லரில் இருந்தவர் காலை மேலே இழுத்துக்கொண்டார். கரும்பை வாயிலிருந்து எடுத்தார். வண்டியின் முன்புறத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவே இருந்த ஒரு ஜாண் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கரும்பு ஏதாச்சு வேணுமுங்களா? கேட்டாவே குடுத்திருப்பனே," என்றார். மைதீன் இரண்டு கையாலும் முன்னாலிருந்த பலகையைப் பிடித்திருந்தான். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டு, "ஹேண்ட் பிரேக்கும் நல்லாருக்குதுங்கண்ணா," என்றான். அவன் குரல் மெலிந்திருந்தது. "சொல்ல மறந்துட்டேன்."

 சென்னியப்பன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. முடிந்தது, முன்வரிசை என்ன, மூன்று வரிசையும் போயிருக்கும், அவள் பார்த்திருப்பாள், எப்போது என்று பார்த்திருப்பாள். ஆனால் இதில் ஒரு வழி இருக்கிறது, ரயில் கடந்துபோகும் தடதடப்பில் அந்த வழி அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது, பிரேக் பிடிக்கவில்லை, அதனால்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், எட்டாவது வண்டியும் சரியில்லை, மைதீனே சாட்சி. திங்கட்கிழமைக்கு வேன் இல்லை, விடுதி வேறு யாருக்காவது போகும், ருக்மணி இரண்டு நாள் பேச மாட்டாள், மூன்றாம் நாள் பேசுவாள், மொபெட்டில் கடைகளுக்குப் போடுவதைப் போட்டுக்கொண்டிருக்கலாம், பூ விற்கிற அம்மாக்கள் எல்லாம் அவரவர் சாக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவனுக்கு மூச்சு வந்தது. தடுப்பு மேலே போனது, இந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினான், முதல் கியர், இரண்டாவது கியர், மைதீன் இப்போது கியரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பயம் போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்தான், போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். யார்டில் நுழைந்து, வேப்பமரத்துக்கு இருபதடி முன்பே எஞ்சினை அணைத்து, வண்டி உருண்டு தானாக நிற்கும்வரை காத்திருந்தான். இறங்கினான். சித்திரை பிறக்க நாலு நாள்தான் இருந்தது, பதினொரு மணி வெயிலில் யார்டின் தரை பளபளத்தது, பக்கத்து லேத் பட்டறையிலிருந்து பறந்து வந்த இரும்புச் சுருள்கள் அங்கங்கே மின்னின. இதுவும் பிரேக் சரியில்லை என்று எந்தக் குரலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவன் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தான். சலிப்பான குரலில் சொல்ல வேண்டும். எட்டாவது தடவை சொல்கிறவனுக்குச் சலிப்புதான் இருக்கும்.

ருக்மணி பின்கதவைத் திறந்துவிட்டு இறங்கி நின்றிருந்தாள். மூன்று தட்டும் ரப்பர் விரிப்பின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏற்றியபோது இருந்ததுபோலவே இருந்தன. "எண்ணிக்குங்க," என்றாள். அவன் மேல்தட்டை எண்ணினான். முப்பது. நடுத்தட்டு. அடித்தட்டு. முன்வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, காதோரம் வைத்து ஆட்டிக்கூடப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. "ஒண்ணுகூட உடையலீங்க," என்றாள் ருக்மணி. "தொண்ணூறும் முழுசு. இந்த வண்டியே இருக்கட்டும்." மைதீன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டான், யாரை என்று சொல்லவில்லை. சென்னியப்பன் அரை நிமிஷம், அரை நிமிஷம்தான், அதை நம்பினான். கால் வந்துவிட்டது. அந்த உதறலில் அடைபட்ட ஏதோ ஒன்று திறந்திருக்கிறது, டாக்டரம்மாவின் நூல் தோற்றுவிட்டது, முட்டை பொய் சொல்லாது, பத்தொன்பது வருடத்தில் முட்டை அவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அந்த அரை நிமிஷத்தில் அவன் விடுதிக்கு எண்பது தட்டைக் கொண்டுபோய் இறக்கி, வார்டனிடம் வணக்கம் சொல்லி, பெருந்துறை இறக்கத்தில் பூக்கார அம்மாவுக்குப் பக்கத்தில் பூப்போல வண்டியை நிறுத்தி ஒரு முழம் வாங்கினான், சரியான சில்லறை கொடுத்து. பிறகு ருக்மணி புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கஞ்சி போட்ட நூல் புடவை. மடியில் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் வரிசை வரிசையாகக் குழி விழுந்திருந்தது, அட்டைத் தட்டின் அடிப்பாகம் நெடுநேரம் அழுந்தியதுபோல, அட்டையின் பழுப்புத் தூள் மடிப்புகளில் ஒட்டியிருந்தது. அவள் மறுபடியும் தட்டிவிட்டாள். குழிகள் போகவில்லை. அவன் அந்தக் குழிகளையே பார்த்தான். சுற்று முழுவதும் முட்டை வண்டியில் இல்லை, மடியில் இருந்திருக்கிறது, வண்டி உதறினால் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருப்பாள், வண்டி வந்தால் போதும் என்று, இந்த மனுசனின் முட்டைப் பரீட்சை இன்றோடு தொலையட்டும் என்று. நீ மடியில் வைத்திருந்தாய் என்று சொல்லிவிடலாம், சொன்னால், வைத்திருந்தால் என்ன, இல்லாவிட்டால் உடைந்திருக்குமா, நல்ல வண்டிதானே, நல்ல பிரேக்தானே, ஏன் உடையும், என்பாள். ஏன் உடையும். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை நாலரை மணி, விடுதிக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு பேருந்து நிறுத்தம், இறக்கம் ஒன்று, இறக்கத்தின் அடியில் என்ன இருக்கும், யார் அன்றைக்குச் சில்லறை வைத்திருப்பார்கள், யார் வைத்திருக்க மாட்டார்கள்.

"ஆர்சி புக்கு உள்ளதான் இருக்குது, எடுத்துட்டு வர்றனுங்க," என்று மைதீன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான். குனிந்தவன் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவன் கையில் ஆர்சி புத்தகம் இல்லை, ஒரு செருப்பு இருந்தது. கறுப்பு ரப்பர் செருப்பு, வலது கால். "அண்ணா, உங்களுதுங்களா? பிரேக்குக்கு அடியில சொருகிட்டுக் கெடந்துச்சு." சென்னியப்பன் குனிந்து பார்த்தான். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெயிலில், தரையில், வெறுமனே நின்றது. அவன் வண்டியைச் சுற்றி நடந்துவந்த வழியில், ஒரு அடி விட்டு ஒரு அடி, சிவப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. ருக்மணி செருப்பைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, லாடம் அடிக்கிறவர்கள் மாட்டின் காலைத் தூக்குவதுபோல அவன் காலைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு இரும்புச் சுருள் பாதி உள்ளே போயிருந்தது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தாள்.

"வலிக்கலைங்களா?"

"மடியிலயா வெச்சிருந்த?" என்றான் அவன்.

"ஆமா. வலிக்கலையான்னு கேட்டேன்."

"தெரியல."

"என்ன தெரியல?"

"ஒண்ணும் தெரியல, ருக்கு. கணுக்காலுக்குக் கீழ எதுவுமே தெரியல."

அவள் காலை விடவில்லை. "எப்பலருந்து?"

"ஆடிக்கு முன்னாடியே."

மைதீன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். ருக்மணி முந்தானையின் ஓரத்தைக் கிழித்துக் காலில் சுற்றினாள். மொபெட்டின் பின்னால் அவனை உட்காரவைத்து, முட்டைத் தட்டுகளை அவன் மடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை கல்லூரி விடுதிக்கு எண்பது தட்டு முட்டை, ருக்மணியின் மொபெட்டில், எட்டு நடையாகப் போய்ச் சேர்ந்தது. பதினோரு முட்டைகள் உடைந்திருந்தன, எல்லாம் பின்வரிசையில்.